ராஜமாணிக்கத்தின் வாய் விரதம்

ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்து எழுந்திருப்பதில்லை. காலை ஐந்தரைக்கு ராஜமாணிக்கம் ஷிஃப்டுக்குக் கிளம்புவார். அவர் வாசலை மறித்து எவனாவது பைக்கை விட்டிருப்பான். விட்டவனின் அம்மாவில் ஆரம்பித்து, அவன் பிறக்காமல் இருந்திருந்தால் நாட்டுக்கு என்னென்ன நன்மை என்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். பிள்ளைகள் தானாக எழுந்து பல் விளக்கப் போகும்.

நான் பக்கத்து வீடு. என் சமையலறை ஜன்னல் அவர்கள் முற்றத்தைப் பார்த்த மாதிரி அமைந்தது கொத்தனார் செய்த வேலை, நான் கேட்டு வாங்கியதல்ல. திறந்து வைத்தால் காற்று வரும். காற்றோடு சேர்ந்து வருவதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். வாய்தான் அப்படி. அதுவும் தொழிலில் வந்த வாய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் அவர் சிக்னல்மேன். ஷெட்டின் மேலே கிரேன் ஓடும். அதில் தொங்கும் கம்பிக் கட்டு ஒவ்வொன்றும் இரண்டு டன். கீழே நின்று, கையை ஆட்டி கிரேன்காரனுக்கு வழி சொல்ல வேண்டும். கத்தி, கீழே நிற்பவர்களை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் துரத்த வேண்டும். பதினேழு வருஷமாக அவர் நிற்கும் ஷெட்டில் ஒருவனுக்கு விரல்கூட நசுங்கியதில்லை. பீகாரிலிருந்து வரும் பையன்கள் தமிழில் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது ராஜமாணிக்கத்தின் அந்த ஒரு வசவைத்தான். அர்த்தம் தெரியாது. காதில் விழுந்தால் ஓட வேண்டும் என்று மட்டும் தெரியும். அதை நான் இங்கே எழுதினால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

ஆலை விஷயமெல்லாம் எனக்குச் சொல்வது ஸ்டீவன். ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பக்கத்து வீடு அவனுடையது. அதே ஷெட்டில், கம்பிக் கட்டுக்குப் பெல்ட் மாட்டி கிரேன் கொக்கியில் கோக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சபை தவறாதவன். பொய் சொல்ல மாட்டான் என்பதால் அவனிடம் விசாரிப்பது சுலபம்.

இப்படிப்பட்ட ராஜமாணிக்கம், நாற்பத்தைந்து வயதில், கார்த்திகை முதல் தேதி கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் துளசி மாலையோடு வந்து வாசலில் நின்றார்.

"இன்னாது இது, திடீர்னு?" என்றாள் அவர் மனைவி கங்கம்மா, கையில் துடைப்பத்தோடு.

"பூமிகா பிளஸ் டூ எழுதறா இல்ல? நல்லா எழுதணும்னு வேண்டிக்கினேன்."

"அவ எழுதறதுக்கு நீ மலையேறணுமா? அவளப் படிக்கச் சொல்லு, போதும்."

கங்கம்மா நம்பிவிட்டாள். எனக்குத்தான் உள்விஷயம் தெரியும். ஆடி மாதம் கங்கம்மாவுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. நானும் ஃபிளாஸ்க்கில் காபியோடு போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ராஜமாணிக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பு மற்றவர்கள் கூப்பிடும் சத்தம் என்பதால், நான் ஒட்டுக் கேட்டதாக யாரும் சொல்ல முடியாது.

"ஐயப்பா, அவளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, என் வாயில ஒரு கெட்ட வார்த்த வராது. மலைக்கு வந்து ஒப்படைக்கிறேன்."

கட்டி பயப்படும்படியானது இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார் டாக்டரம்மா. ஜனவரி இருபது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ராஜமாணிக்கம் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா பயந்துக்குவா. ஸ்கேனுக்குள்ள வேண்டுதல முடிச்சாவணும்."

நானும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சேதி அது ஒன்றுதான், ஸ்டீவனைச் சேர்க்காவிட்டால்.

மாலை போட்ட மறுநாள் காலை ஐந்தரைக்கு வாசலில் வழக்கம்போல ஒரு பைக் குறுக்கே நின்றது. தெரு முழுக்கக் காது கொடுத்துப் படுத்திருந்தோம்.

"சாமி, வண்டியக் கொஞ்சம் நவுத்திக்கினா நல்லா இருக்கும் சாமி."

பைக்குக்காரன் நடுங்கிப்போய் அரை டிராயரோடு ஓடி வந்தான். திட்டியிருந்தால் நிதானமாக வந்திருப்பான். அந்த வாரம் தெருவில் நாலு பிள்ளைகள் பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டார்கள்.

கங்கம்மாவுக்குத்தான் பேஜாராகப் போயிற்று. சாம்பாரில் உப்பு அதிகமென்றால் தட்டை நகர்த்திவிட்டு ஊரையே கூட்டுகிற மனிதர், அந்தக் கடல் தண்ணீரை நல்ல தண்ணீர்போல் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதும்மா" என்றார். கட்டின பெண்டாட்டியை 'அம்மா' என்கிறாரே என்று அவள் என்னிடம் வந்து குறைப்பட்டாள்.

"ஊட்ல யாரோ விருந்தாளி வந்து தங்கிகீற மாதிரி கீதுக்கா. பேசறதுக்கே கூச்சமா கீது."

அதனால் அவள் ஒரு வேலை செய்தாள். வேண்டுமென்றே அவர் துண்டை ஒளித்து வைத்தாள். குளிக்கப் போகும்போது மோட்டாரை நிறுத்தினாள். அவர் தங்கையின் கல்யாணத்தில் நடந்த பழைய சண்டையை எடுத்து விரித்தாள். "ஒரு வார்த்த திட்டேன், பார்ப்போம்!" என்று அவர் முகத்துக்கு நேரே போய் நிற்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முற்றத்தை மூன்று சுற்று சுற்றுவார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஒரு தடவைகூட நழுவவில்லை.

வீட்டில் சமாளித்தார். ஷெட்டில்தான் தகராறு.

வெறுங்காலுக்கு முதல் நாளே வழி கண்டாகிவிட்டது. குருசாமி துளசிராமன், "கேட்டுக்கு உள்ள ஷூ, வெளியில வெறுங்காலு, ஐயப்பன் ஒத்துக்குவாரு" என்று தீர்ப்புச் சொன்னார். வாய்க்கு அப்படி யாரும் வழி சொல்லவில்லை. கம்பிக் கட்டு தலைக்கு மேல் வரும்போது ராஜமாணிக்கம், "சாமிங்களா, கொஞ்சம் ஒதுங்குங்க சாமி" என்றார். ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வேறு யாரிடமோ வழி விடச் சொல்கிறார் என்று நினைத்தார்களாம். இரண்டாவது வாரம் கட்டின் ஒரு முனை ஸ்டீவனின் ஹெல்மெட்டை உரசிவிட்டுப் போயிற்று. ஹெல்மெட் உருண்டு போய் எண்ணெய்க் குட்டையில் விழுந்தது.

சூப்பர்வைசர் ஜெரால்ட் ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். அந்த ஷெட்டில் ஏற்கெனவே ஃபோர்க்லிஃப்ட் கத்துகிறது, சைரன் கத்துகிறது, கம்பி வெட்டுகிற மெஷின் கத்துகிறது. நடுவில் விசிலை யார் கேட்டார்கள்?

"மாணிக்கம், ஒண்ணு பழையபடி கத்துங்க. இல்லன்னா ஸ்டோர்ல போய் உக்காந்து போல்ட்டு எண்ணுங்க" என்றார் ஜெரால்ட். "சாமி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கம்பிக்குக் கெடையாது."

ஸ்டோரில் உட்கார ராஜமாணிக்கத்துக்கு மனம் வரவில்லை. தனக்குப் பதில் நிற்கிறவன் கையைக் கோணலாகக் காட்டுவான் என்று பயம். ஆகவே ஷிஃப்டு முடிந்த சாயங்காலங்களில் ஸ்டீவனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ச் சத்தம் போடப் பழகினார். எனக்கும் அந்த வாரம் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார்.

ஸ்டீவன் அறுபது அடி தள்ளி நிற்பான். ராஜமாணிக்கம் மார்பை நிமிர்த்தி, "ஒதுங்குங்கடா..." என்று ஆரம்பிப்பார். 'டா'வுக்குப் பிறகு நாக்கு, வாலாக வரும் அந்த வசவுக்கு, பழகின தடத்தில் போகப் பார்க்கும். லபக்கென்று வாயைப் பொத்திக்கொள்வார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"அண்ணே, வாலு இல்லாம உங்களுக்குக் கொரலு வரல" என்றான் ஸ்டீவன்.

"வாலுதான்டா இஞ்சினு" என்றார் பாவம்.

துளசிராமனிடம் போய் நின்றார்கள். அவர் யோசித்து, "இருக்கிற வார்த்தையிலயே பெரிய வார்த்த எது சாமி? அதச் சொல்லுங்க. கொரலு தானா வரும்" என்றார்.

மறுநாள் ஏரிக்கரையில் ராஜமாணிக்கம் மூச்சை இழுத்து, "சாமியேஏஏ!" என்றார். கொக்குகள் எழுந்து போயின. வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டார். பழைய குரல், வால் இல்லாமல், முழுசாக வந்துவிட்டது.

ஷெட்டில் போய் அதையே போட்டார். கட்டு மேலே வருகிறது. "சாமியேஏஏ!"

"சரணம் ஐயப்பா!" என்று முப்பது பேர் திருப்பிச் சொன்னார்கள்.

யாரும் யோசித்துச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவன் காதில் அது விழுந்தால் வாய் தானாகப் பதில் சொல்லும். கிரேன் ஓட்டும் ஜெகன் மூன்று வருஷம் மலைக்குப் போனவன். அவன் கேபினில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். கையை எடுத்ததும் கிரேன் நின்றது. கட்டு அந்தரத்தில் நின்றது. ஜெரால்ட் அதைப் பார்த்துவிட்டு, நிற்கிறதே, நல்லதுதானே என்று போய்விட்டார். இரண்டு நாளில் பீகார்ப் பையன்களும் 'சரணம்' போடக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டீவனும்தான்.

"நீ சபைக்குப் போறவன்டா!" என்றேன்.

"எனக்கும் தெரியுதுக்கா. வாய் கேக்க மாட்டேங்குது. பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

இப்படியே நாட்கள் ஓடின. சாமியே என்பார், சரணம் என்பார்கள், கிரேன் நிற்கும், இவர் நடந்து போய் ஒவ்வொருவனையாகத் தோளைத் தொட்டு ஒதுக்குவார், மறுபடி கிரேன் ஓடும். நாற்பது நாள் ஆயிற்று. இன்னும் ஒரு வாரம். துளசிராமன் ஜனவரி மூன்றாம் தேதிக்கு வேன் சொல்லிவிட்டார். ராஜமாணிக்கத்தின் முகத்தில் பரீட்சைக் கடைசி நாள் பிள்ளையின் களை வந்துவிட்டது.

நாற்பத்தொன்றாம் நாள் காலை பதினொரு மணி. கட்டு தூக்கியாகிவிட்டது. அதன் கீழே அடுத்த கட்டுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான் ஸ்டீவன். மேலே ஒரு பெல்ட் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிவதை ராஜமாணிக்கம் பார்த்தார்.

"சாமியேஏஏ!"

"சரணம் ஐயப்பா!"

ஜெகன் கும்பிட்டான், கிரேன் நின்றது. கட்டு, ஸ்டீவன் தலைக்கு நேர் மேலே நின்றது. ஸ்டீவனும் நின்றான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. நிற்கப் பழகியிருந்தார்களே தவிர, ஓடப் பழகவில்லை. அறுபது அடி ஓடிப் போய்த் தோளைத் தொட நேரமில்லை. பெல்ட் இன்னொரு விரல் அகலம் பிரிந்தது.

அப்போது ராஜமாணிக்கத்தின் வாயிலிருந்து அது வந்தது. பதினேழு வருஷத்து வசவு, தலையும் வாலும் குறையாமல். நாற்பது நாள் உள்ளே கிடந்து ஊறியது வேறு. கேட்டவர்கள் இன்றைக்கும் அதை மரியாதையோடுதான் சொல்கிறார்கள்.

முப்பது பேரும் பறந்தார்கள். ஸ்டீவன் எப்போது மஞ்சள் கோட்டைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு டன் கம்பி அவன் நின்ற இடத்தில் விழுந்து தரையைப் பெயர்த்தது.

எல்லாரும் ராஜமாணிக்கத்தைத் தூக்காத குறை. அவர் மட்டும் பேயறைந்தது போல நின்றாராம், வாயில் கையை வைத்தபடி. ஜெரால்ட் விபத்துப் படிவத்தில் 'என்ன எச்சரிக்கை தரப்பட்டது' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துவிட்டு, 'வாய்மொழியாக' என்று எழுதினார்.

அப்புறம் ராஜமாணிக்கம் அவரிடம் போனார். "சாரு, எப்பிடிக் கூப்புடறதுன்னு நான் ஏரிக்கரைல போய்ப் பயகினேன். எப்பிடிக் கேக்கறதுன்னு இவங்க யாரும் பயகல. தப்பு அங்கதான் கீது."

ஜெரால்டுக்கு அது சுரீரென்று பட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு முப்பது பேரையும் வரிசையில் நிறுத்தினார். ராஜமாணிக்கம் "கோடு!" என்று சொல்ல வேண்டும், எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மஞ்சள் கோட்டுக்கு ஓட வேண்டும். ஐம்பது வயது ஆட்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி பதினைந்து தடவை ஓடினார்கள். கடைசியில் அவர் சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாலும் ஓடினார்கள். இனி தினமும் காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் பத்து தடவை என்று ஜெரால்ட் உத்தரவு போட்டார்.

ஷிஃப்டு முடிந்ததும் ராஜமாணிக்கம் நேரே துளசிராமனின் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். நானும் ஆதார் அட்டையைப் பிரதி எடுக்க அங்கே நின்றிருந்தேன். ஆதார் அட்டையை எத்தனை பிரதி எடுத்தாலும் வீணாகாது.

"சாமி, மாலையக் கயட்டிடுங்க."

"இன்னா சாமி சொல்றீங்க? இன்னும் ஒரு வாரந்தானே கீது!"

நடந்ததைச் சொன்னார். துளசிராமன் சிரித்துவிட்டார். "இதுல ஒரு தோஷமும் இல்ல. ஒரு உசுரு பொயச்சிக்கீது. உங்க வாயில வந்தது ஐயப்பன்னு வச்சிக்கோங்க."

"ஐயப்பன் அந்த வார்த்தயெல்லாம் பேசுவாரா சாமி?"

துளசிராமன் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் வேண்டிக்கினப்ப, எவன் தலைமேலயாவது கம்பி வியுந்தா மட்டும் பேசிக்குவேன்னு சேத்துச் சொல்லல. ஒரு வார்த்தயும் வராதுன்னுதான் சொன்னேன். வந்துட்ச்சி. பேசுனது தப்புன்னு நான் சொல்லல. நாளைக்கே அப்பிடி ஆனாலும் பேசுவேன். ஆனா முடிச்சிட்டேன்னு மலைல போய்ப் பொய் சொல்ல முடியாது. கட்டுல ஒரு பெல்ட்டு சரியில்லன்னா நாங்க மொத்தத்தையும் எறக்கிட்டு மறுபடி கட்டுவோம் சாமி. பாதி அவுந்தத மேல தூக்க மாட்டோம்."

துளசிராமன் துடைத்த துணியைக் கீழே வைத்தார். "நாங்க மூணாந்தேதி கெளம்பறோமே?"

"நீங்க போய்ட்டு வாங்க. மாசி மாசம் நடை தெறப்பாங்க இல்ல, நான் அதுக்கு வரேன். இன்னிக்கி ஒண்ணுன்னு வச்சி மறுபடி மாலையப் போட்டு உடுங்க."

பதினெட்டு தடவை மலையேறிய துளசிராமன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாலையைக் கழற்றி, எதிர்க் கடையில் பால் வாங்கி அதில் நனைத்து, சரணம் சொல்லி மறுபடி போட்டார். நான் கடைக்கு உள்ளேதான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கடையில் எனக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜன்னல் வழியாக ஸ்டீவனின் குரல் கேட்டது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கங்கம்மாவிடம் வந்து நின்று அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணன் உனக்கோசரம் வேண்டிக்கினத எனக்கோசரம் ஒடச்சிட்டாருக்கா..."

"எனக்கோசரமா? பூமிகாவுக்குன்னுதானே சொன்னாரு?"

ஸ்டீவன் என் ஜன்னலைப் பார்த்தான். நான் குனிந்து அடுப்பைத் துடைத்தேன். பொய் சொல்லத் தெரியாதவன், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கங்கம்மா அப்படியே முற்றத்தில் உட்கார்ந்தாள். வாழைப்பழச் சீப்பு மடியில் இருந்தது.

"நாப்பது நாளா அந்த ஆள எப்பிடியெல்லாம் சீண்டிக்கினு இருந்தேன். துண்ட ஒளிச்சி வச்சேன். திட்டு, திட்டுன்னு மூஞ்சிக்கி நேரா போய் நின்னேனே..."

ராஜமாணிக்கம் வெறுங்காலோடு, கையில் ஷூவோடு, ஈர மாலையோடு கேட்டைத் திறந்தார். ஸ்டீவனையும் வாழைப்பழத்தையும் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

கங்கம்மா எழுந்து வந்தாள். தெருவே பார்க்க, அவரை அவருடைய சொந்த வசவாலேயே திட்டினாள். பதினேழு வருஷமாக அவர் ஷெட்டில் சொன்னதைவிட அவள் உச்சரிப்பு சுத்தம்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? நான் சின்னப் பாப்பாவா? தெரிஞ்சிருந்தா ஒரு நாளாவது உன் வாயக் கிளறியிருப்பனா?"

"நீ பயந்துக்குவன்னு..."

"நான் பயப்படலன்னு உனக்கு யாரு சொன்னது? ராத்திரி தூங்கறேன்னா நெனச்சிகினு இருந்த?"

அவர் ஷூவைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியப் போகிற அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். இருவரும் ஒரே சீட்டை ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்கேனுக்குள்ள முடிச்சிடலாம்னு இருந்தேம்மா. இப்ப ஒண்ணுல இருந்து மறுபடி."

"மறுபடி நாப்பத்தெட்டா?"

"ஆமா."

அவள் மாலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கடைசியில் வேகமாக உள்ளே போய் டெய்லி காலண்டரையே ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். படியில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

"இன்னிக்கி சேத்தியா, சேக்காமயா?"

"சேத்தி."

"அப்ப ஸ்கேனு இருவத்தஞ்சாம் நாளு வருது" என்றாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "வா, உக்காரு. காத்தாலயிருந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட. ஸ்டீவன் கொணாந்த வாயப்பயத்துல ரெண்டு சாப்புடு சாமி."